முதலில் கேஸ் ஷீட்டை வாங்குங்கள்: பிரசவ பாதிப்பும் சட்டமும் – வாசகர் கேள்வி பதில்

பிரசவ நேரத்தில் குழந்தைக்கு ஏற்பட்ட பாதிப்பு பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, மகப்பேறு மருத்துவம், பச்சிளம் குழந்தை மருத்துவம், நுகர்வோர் வழக்கு ஆகியவற்றில் பழக்கமுள்ளவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

சுகப்பிரசவம்தான். தலை வெளியே வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டது என்று ஒரு நர்ஸ் என் மேல்வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கினார். குழந்தை 3.9 கிலோ. வலது கையைத் தூக்குவதே இல்லை, தொங்குகிறது. இப்போது ஏழு வாரம் ஆகிறது. "தானாகச் சரியாகிவிடும்" என்கிறார்கள். நம்பலாமா? தவறு யாருடையது?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

கையை முதலில் பார்ப்போம், வழக்கைப் பிறகு. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை இழுபட்டதால் வரும் பாதிப்பு இது. மேல் நரம்புகள் மட்டும் அடிபட்டால் தோளும் முழங்கையும் வேலை செய்யாது, விரல்கள் மட்டும் பிடிக்கும். கை உடம்போடு ஒட்டி, உள்ளங்கை பின்பக்கம் திரும்பி, யாருக்கும் தெரியாமல் பின்னால் காசு வாங்குவதுபோல இருக்கும். விரலை உள்ளங்கையில் வைத்தால் குழந்தை பிடிக்கிறதா? பிடித்தால் நல்ல அறிகுறி. விரலும் அசையாமல், அதே பக்கத்துக் கண்ணிமை சற்றுத் தொங்கியிருந்தால் காயம் பெரிது. கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்தாலும் குழந்தை கையை அசைக்காது என்பதால், ஒரு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தேறிவிடும், உண்மைதான். ஆனால் "தானாகச் சரியாகும்" என்பதற்கு ஒரு கெடு உண்டு. மூன்று மாதம் முடியும்போது குழந்தை முழங்கையை மடக்கி கையை வாய்ப்பக்கம் கொண்டுபோக வேண்டும். அது இல்லையென்றால் நரம்பு அறுவைசிகிச்சை செய்யும் மையத்தில் காட்டியாக வேண்டும். அந்த அறுவைசிகிச்சை பொதுவாக மூன்று முதல் ஒன்பது மாத வயதுக்குள் செய்யப்படுவது. ஒரு வயதுக்குப் பிறகு போனால் நரம்பு ஒட்டினாலும் தசை சுருங்கிப்போயிருக்கும். ஆகவே ஐந்து வாரம்தான் உங்கள் கையில் இருக்கிறது. அதுவரை பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் பயிற்சியை ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் செய்யுங்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறேன் என்று யாரும் அந்தக் கையை இழுக்க வேண்டாம். அக்குளில் கை கொடுத்துத் தூக்கவும் வேண்டாம்.

இனி, தவறு யாருடையது என்பது. தோள் மாட்டுவதைப் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தாய்க்குச் சர்க்கரை, பெரிய குழந்தை, முந்தைய பிரசவத்தில் இதே நிகழ்வு ஆகியவை எச்சரிக்கைகள். இவை எதுவும் இல்லாமலும் மாட்டும். எனவே தோள் மாட்டியதை மட்டும் வைத்து அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. மாட்டிய பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தாயின் இரண்டு தொடைகளையும் வயிற்றோடு சேர்த்து நன்றாக மடக்க வேண்டும். இன்னொருவர் அடிவயிற்றில், பூப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்த வேண்டும். அதற்கும் வராவிட்டால் உள்ளே கைவிட்டு குழந்தையைத் திருப்புவது, பின்கையை வெளியே எடுப்பது என்று அடுத்தடுத்த படிகள் உண்டு. மேல்வயிற்றை அமுக்குவது இந்த வரிசையிலேயே இல்லை. மாட்டிய தோளை அது எலும்பின்மேல் இன்னும் இறுக்கிவிடும். அந்த நிலையில் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் நரம்பு கிழியும்.

நீங்கள் சொன்னது உங்கள் வழக்கின் மையம். தலை வந்த நேரம், உடல் வந்த நேரம், யார் யாரை அழைத்தார்கள், என்னென்ன முறை செய்தார்கள் ஆகியவை பிரசவக் குறிப்பில் இருக்க வேண்டும். "சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம்" என்று ஒரே வரி இருந்தால் அந்த வெறுமையே உங்களுக்குச் சாட்சி. அறையில் உங்களுடன் இருந்த உறவினர் யாராவது பார்த்ததை எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு இப்போதே வைத்துக்கொள்ளட்டும். நினைவு மூன்று வருடத்தில் மங்கும், குறுக்கு விசாரணையில் உடையும்.

என் மகன் பிறந்ததும் அழவில்லை. 12 நாள் என்ஐசியு (பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு). இப்போது 14 மாதம், கழுத்து நிற்கவில்லை, மூளை முடக்குவாதம் என்கிறார்கள். காலை 9 மணிக்கு வலி வர ட்ரிப்ஸ் போட்டார்கள், இரவு 8.40-க்குத்தான் சிசேரியன். கேஸ் ஷீட் கேட்டால் "டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தாச்சே, அதுதான் எல்லாம்" என்கிறார்கள்.
– வாசகர், சேலம்

டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டு பக்கம், கேஸ் ஷீட் (சிகிச்சையின்போது எழுதிய முழுக் குறிப்புகள்) ஐம்பது அறுபது பக்கம். வழக்கு அந்த ஐம்பதில்தான் இருக்கிறது.

2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள் இன்றும் நடப்பில் உள்ளன. அதன்படி நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். உங்கள் மகனுக்கு 14 மாதம் என்பதால் இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். பிரசவ நோயாளி உங்கள் மனைவி. ஆகவே விண்ணப்பத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் மருத்துவமனை முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையுடன் அனுப்புங்கள். வாயால் கேட்டதற்குக் கணக்கில்லை.

"முழு ஆவணமும் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் பாதிதான் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: பார்டோகிராஃப் (பிரசவ முன்னேற்றத்தை நேரவாரியாகக் குறிக்கும் தாள்), குழந்தையின் இதயத் துடிப்பு எழுதிய தாள், சிடிஜி காகிதம் (குழந்தையின் துடிப்பையும் கர்ப்பப்பைச் சுருக்கத்தையும் கருவி பதியும் அச்சு), ட்ரிப்ஸ் சொட்டு எண்ணிக்கையும் நேரமும் உள்ள மருந்து அட்டை, நர்ஸ் குறிப்புகள், ஆபரேஷன் மற்றும் மயக்க மருந்துக் குறிப்புகள், பிறந்த குழந்தைக்கு உயிர்மூச்சு கொடுத்த விவரம், அப்கார் மதிப்பெண் (பிறந்ததும் குழந்தையின் நிலைக்கு 10-க்குப் போடுவது), தொப்புள்கொடி ரத்த வாயு சோதனை எடுத்திருந்தால் அது, என்ஐசியு அட்டைகள், ஸ்கேன் படங்கள். படங்களை ரிப்போர்ட்டாக மட்டும் வாங்காமல் சிடியில் வாங்குங்கள். சிடிஜி அச்சாவது வெப்பத்தில் கறுக்கும் காகிதத்தில். பெட்டியில் வைத்திருந்தாலே சில ஆண்டில் வெளுத்துவிடும். கையில் வந்த அன்றே ஸ்கேன் செய்யுங்கள்.

கிடைத்ததும் ஒரு பெரிய தாளில் காலை 9 முதல் இரவு 8.40 வரை நேரக்கோடு போடுங்கள். வலி ட்ரிப்ஸில் போவது ஆக்ஸிடோசின். கர்ப்பப்பை சுருங்கும்போது குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும், தளரும்போது திரும்ப வரும். சொட்டு அதிகமானால் சுருக்கத்துக்கும் சுருக்கத்துக்கும் நடுவே குழந்தைக்கு மூச்சுவிட நேரமே இருக்காது. பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் சுருக்கம் என்றால் அதிகம். சொட்டைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். வலி நன்றாகப் பிடித்த பிறகு குழந்தையின் துடிப்பை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். முதல் கெட்ட அறிகுறி எழுதப்பட்ட நேரம் எது? அதற்கு என்ன செய்தார்கள்? சிசேரியன் முடிவெடுத்த நேரம், குழந்தை எடுத்த நேரம் என்ன? ஆபத்தான நிலையில் இந்த இடைவெளிக்குச் சொல்லப்படும் அளவு 30 நிமிடம். 5.30-க்கே துடிப்பு 90 என்று எழுதியிருந்து 8.40-க்கு எடுத்திருந்தால், நடுவில் உள்ள மூன்று மணி நேரத்துக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். நல்ல வழக்கறிஞர்கள் இந்த இடைவெளியைத்தான் முதலில் தேடுவார்கள். மற்ற குற்றச்சாட்டுகள் எல்லாம் இதற்குப் பிறகு.

பிறகு எழுதிச் சேர்த்த தாள்களும் வரும். அரை மணிக்கு ஒருமுறை "140, 140, 140" என்று ஒரே பேனா, ஒரே சாய்வு. வலி முழுக்க மாறிக்கொண்டிருக்கும் துடிப்பு அப்படி ஒரே எண்ணில் நிற்காது. இதை உடைக்க உங்களிடமே சாட்சி இருக்கலாம்: உள் பார்மசியில் சிசேரியன் சாமான் வாங்கிய பில்லில் அச்சான நேரம், "இன்னும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிப் போகலை" என்று அண்ணனுக்கு அனுப்பிய வாட்ஸ்ஆப், மயக்க மருந்து டாக்டர் கார் வந்து நின்றதை நீங்கள் எடுத்த போட்டோ. போன் மாற்றினால் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னும் மறுத்தால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் புகார் கொடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டபின் ஆவணத்தைத் தாக்கல் செய்ய உத்தரவு கேட்கலாம். அப்போதும் மறைத்தால், அது தங்களுக்கு எதிராக இருந்ததால்தான் மறைத்தார்கள் என்று ஆணையம் எடுத்துக்கொள்ள இடமுண்டு.

மூளை முடக்குவாதம் என்றாலே பிரசவத்தில் தவறு நடந்தது என்றுதானே அர்த்தம்? டாக்டர் "மரபணுக் கோளாறாகவும் இருக்கலாம்" என்று மழுப்புகிறார்.
– வாசகி, நாகர்கோவில்

அப்படி அர்த்தமில்லை. அவர் மழுப்புகிறார் என்றும் சொல்லிவிட முடியாது. குறைமாதம், கர்ப்பத்தில் தொற்று, கருவிலேயே மூளையில் ரத்த அடைப்பு, மரபணு, பிறந்த பிறகு கவனிக்காத மஞ்சள் காமாலை, சர்க்கரை இறங்கியது, மூளைக்காய்ச்சல் ஆகிய எல்லாம் இதே நிலையில் கொண்டுபோய் விடும். (கடைசி மூன்றிலும் அலட்சியம் இருக்கலாம், அப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது பிரசவ அறை அல்ல, குழந்தைப் பிரிவு.)

பிரசவ நேரத்து மூச்சுத்திணறல்தான் காரணம் என்று நிறுவ, நான்கைந்து அடையாளங்கள் ஒன்றுசேர வேண்டும். தொப்புள்கொடி ரத்தத்தில் அமிலத்தன்மை, அதாவது பிஎச் 7.0-க்குக் கீழே, கார இழப்பு (base deficit) 12 அல்லது அதற்கு மேல். ஐந்தாம், பத்தாம் நிமிட அப்கார் 5-க்குக் கீழேயே இருப்பது. முதல் ஓரிரு நாளுக்குள் வலிப்பு, துவண்ட உடம்பு, பால் உறிஞ்சாமை. சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகளும் அதே நாட்களில் அடிபட்டிருப்பது. முதல் இரண்டு வாரத்துக்குள் எடுத்த எம்ஆர்ஐயில் அதற்கேற்ற சேத வடிவம். திடீரென ஆக்சிஜன் முழுக்க நின்றால் மூளையின் நடு ஆழத்தில் உள்ள பகுதிகள் கெடும். நேரம் நேரமாகக் குறைந்துகொண்டே வந்தால் ரத்தக்குழாய் எல்லைப் பகுதிகள் கெடும். குறைமாதக் குழந்தையின் சேதம் வேறு இடத்தில் இருக்கும். ஒரு நிமிட அப்கார் 3 என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டுத் தோற்றவர்கள் பலர்.

இன்னொரு எச்சரிக்கை. "குழந்தையின் உடம்பைக் குளிர்விக்கும் சிகிச்சை கொடுக்கவில்லை" என்பதை முதல் குற்றச்சாட்டாக எழுதுகிறார்கள். பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் 33–34 டிகிரியில் வைத்திருக்கும் முறை அது. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்து 2021-ல் வெளியான பெரிய ஆய்வில், அது இங்கே ஊனத்தையோ சாவையோ குறைக்கவில்லை. குளிர்வித்த குழந்தைகளில் இறப்பு அதிகமாகவே இருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஆய்வைக் கையோடு கொண்டுவருவார். ஆகவே குழந்தை பிறந்த பிறகு நடந்ததைவிட, பிறப்பதற்கு முன் கடந்துபோன மணி நேரங்களைப் பிடியுங்கள்.

மரபணு, வளர்சிதை மாற்றச் சோதனைகளுக்குத் தயங்காதீர்கள். விடை எதுவாக இருந்தாலும் குழந்தையின் சிகிச்சைக்கு அது தேவை. இல்லை என்று வந்தால் எதிர்த்தரப்பின் முக்கியமான வாதம் ஒன்று போயிற்று.

எங்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். ஒரு பைசா கட்டவில்லை. குறைமாதக் குழந்தை, கண் பார்வை போய்விட்டது. இலவசமாகப் பார்த்ததால் கேள்வி கேட்க உரிமை இல்லையா?
– வாசகர், விழுப்புரம்

உரிமை இருக்கிறது, வாசல்தான் வேறு. நாட்டுக்கே வழிகாட்டிய தீர்ப்பு ஒன்று உங்கள் நிலைமையிலிருந்தே வந்தது. 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29 வாரத்தில் 1,250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைக்கு வரும் விழித்திரைப் பாதிப்பைச் சோதிக்கச் சொல்லவே இல்லை. நாலரை மாதத்தில் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் எதிர்காலச் செலவுக்கு 1.38 கோடி, அதுவரை ஆன செலவுக்கு 42 லட்சத்து சொச்சம் என்று உயர்த்தியது. அதில் பெரும் பங்கைத் தமிழக அரசே கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தச் சோதனைக்கு இந்தியாவில் பின்பற்றும் அளவு: 34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் கீழ் பிறந்த குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன் அல்லது 1,200 கிராமுக்குக் கீழ் என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லி தேதியோடு எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அந்த இல்லாத வரிதான் உங்கள் வழக்கு. இதைப் படிக்கும் மற்றவர்கள், வீட்டில் குறைமாதக் குழந்தை இருந்தால், இன்றே நாளை எண்ணிப் பாருங்கள்.

வாசலுக்கு வருவோம். 1995-ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது இது: எல்லோருக்கும் இலவசமாகவே சேவை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே. சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடத்தில் இலவச நோயாளியும் நுகர்வோர்தான். காப்பீட்டு நிறுவனமோ வேலை கொடுத்தவரோ கட்டணம் கட்டியிருந்தாலும் அது கட்டணமே. கட்டணப் படுக்கை உள்ள அரசு மருத்துவமனையா என்று பாருங்கள். முழுக்க இலவசம் என்றால் சிவில் நீதிமன்றம் இருக்கிறது. அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் தொடுக்க முடியும். கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். கட்ட வசதியில்லாதவர் ஏழை வழக்காளியாக அனுமதி கேட்கலாம். ஆவணத்திலேயே தவறு பளிச்சென்று தெரியும் வழக்கில் உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசுக்கு எதிராக நேரடியாகப் போடும் மனு) போடலாம். உண்மைகளில் தகராறு அதிகம் என்றால் "சிவில் கோர்ட்டுக்குப் போ" என்று திருப்பிவிடுவார்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் புகார் கொடுக்கலாம், ஒரு வருடத்துக்குள். விழுப்புரத்துக்காரர்கள் ரிட் போட வேண்டிய இடம் சென்னை உயர் நீதிமன்றமே, மதுரைக் கிளை அல்ல.

ஆவணம் பெற தகவல் உரிமைச் சட்டம் உங்களுக்குக் கூடுதல் கருவி: 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு.

பிரசவத்துக்கு முன் நாலைந்து தாளில் கையெழுத்து வாங்கினார்கள். "என்ன நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு வரி. தவிர, ஆபரேஷன் செய்தவர் வெளி டாக்டராம், அவரைப் போய்க் கேளுங்கள் என்கிறது நிர்வாகம்.
– வாசகர், ஈரோடு

சிகிச்சைக்கும், அதில் உள்ள இயல்பான ஆபத்துக்கும்தான் சம்மதம் கொடுத்தீர்கள். அலட்சியத்துக்கு யாரும் சம்மதம் வாங்க முடியாது. அந்த வரி காகிதத்துக்குப் பாரம். வெளி டாக்டர் வாதமும் நிற்காது. 2004-ல் உச்ச நீதிமன்றம், சிகிச்சை தந்த மருத்துவரைத் தனியாகச் சேர்க்காவிட்டாலும் மருத்துவமனைமீது வழக்கு நிற்கும், தன் பக்கம் அலட்சியமில்லை என்று காட்டும் பொறுப்பு அதற்குண்டு என்றது. நீங்கள் பணம் கட்டியது மருத்துவமனை கவுன்டரில். ஆனாலும் டாக்டர் பெயர் தெரிந்தால் சேர்த்துவிடுங்கள். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டும்போது உண்மை வெளியே வரும்.

பையனுக்கு இப்போது நாலு வயது. இரண்டரை வயதில்தான் காரணம் சொன்னார்கள். காலம் போய்விட்டதா? எந்த கோர்ட், எவ்வளவு செலவு?
– வாசகி, தூத்துக்குடி

நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு கெடு. எப்போதிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சண்டை. பாதிப்பு அன்றே கண்ணுக்குத் தெரிந்தால் அன்றிலிருந்து. பிறகுதான் தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. உங்களுக்கு இரண்டரை வயதில் காரணம் சொல்லப்பட்டது என்றால் இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று வாதாடலாம். ஆனால் பிறந்தபோதே என்ஐசியுவில் இருந்தான் என்று அவர்கள் எதிர்வாதம் வைப்பார்கள். ஆகவே வழக்கோடு தாமத மன்னிப்பு மனுவையும் போட்டுவிடுங்கள், காரணத்தைத் தேதிவாரியாக எழுதி. காரணம் சொன்ன டாக்டரின் அந்த நாள் சீட்டுதான் இங்கே தங்கம்.

சிவில் நீதிமன்றத்தில் குழந்தையின் உரிமை 18 வயதாகி மேலும் மூன்று ஆண்டு, அதாவது 21 வரை உயிரோடிருக்கும். பெற்றோரின் சொந்தக் கோரிக்கைக்கு இந்தச் சலுகை இல்லை. 21 வரை காலம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள்: ஆஸ்பத்திரி தன் தாள்களை மூன்று ஆண்டில் கழித்துக்கட்ட அனுமதி இருக்கிறது.

எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு முடிவு செய்வதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை முடிவு செய்கிறது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் தேசியம். 90 ஆயிரம் கட்டிவிட்டு 80 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். 5 லட்சத்துக்குள் கட்டியிருந்தால் மனுக் கட்டணமே இல்லை. 2019 சட்டத்தில் நீங்கள் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே போடலாம் என்பதால், பிரசவம் மதுரையில் என்றாலும் தூத்துக்குடியிலேயே நடத்தலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், மேலும் 15 நாள். 45-க்கு மேல் கிடையாது. சட்டத்தில் மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. நம்பி நாள் குறிக்காதீர்கள், ஆண்டுக்கணக்கில் ஆகும்.

வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் மூவருக்குமே வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். தொலைபேசி 15100.

எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. வயிற்றில் துணியை விட்டுத் தைத்த வழக்குக்கு அது போதும். மூச்சுத்திணறல் வழக்குக்குப் போதாது. ஓய்வுபெற்ற மகப்பேறு அல்லது பச்சிளம் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஒருவரிடம் உங்கள் நேரக்கோட்டைக் காட்டி, "எந்த நிமிடத்தில் வேறு முடிவு எடுத்திருக்க வேண்டும், எடுத்திருந்தால் குழந்தை எப்படி இருந்திருக்கும்" என்ற இரண்டு கேள்விக்கு மட்டும் எழுத்தில் பதில் வாங்குங்கள். முதல் கேள்விக்கு மட்டும் பதில் வாங்கி, இரண்டாவதை விட்டுவிடுவதால் கவிழும் வழக்குகள் அதிகம்.

போலீஸில் புகார் கொடுத்து டாக்டரைக் கைது செய்ய வைக்க முடியாதா?
– வாசகர், கடலூர்

கைதை எதிர்பார்க்காதீர்கள். 2005-ல் உச்ச நீதிமன்றம் குற்ற வழக்குக்குச் சாதாரணத் தவறு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்றது. விசாரணை அதிகாரி முதலில் வேறொரு மருத்துவரின், முடிந்தவரை அரசு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும். வழக்கமான முறையில் கைது கூடாது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் அலட்சியத்தால் உயிர் போனால் மருத்துவருக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு; காயத்துக்கு 125-ஆம் பிரிவு. இதில் உங்களுக்கு இழப்பீடு வராது. மருத்துவக் கவுன்சில் புகாரிலும் அப்படித்தான்: பெயரைப் பதிவேட்டிலிருந்து சில காலம் நீக்கலாம், பணம் தர முடியாது. ஆனால் கவுன்சில் டாக்டரிடம் வாங்கும் எழுத்து விளக்கம் பிறகு நுகர்வோர் வழக்கில் பயன்படும்.

குழந்தை இறந்துவிட்ட வீட்டுக்கு ஒரு வார்த்தை. அலட்சியம் என்று சந்தேகம் இருந்தால் அடக்கம் செய்யும் முன் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். பிஞ்சு உடம்பை அறுப்பதா என்று மனம் வராது. ஆனால் அது இல்லாமல் சாவுக்குக் காரணம் எது என்ற கேள்விக்குப் பிறகு யாராலும் பதில் சொல்ல முடியாது. கண்ணாடியை உடைப்பது, நர்ஸைத் தள்ளிவிடுவது வேண்டவே வேண்டாம். 2008 தமிழகச் சட்டப்படி அது ஜாமீனில் வர முடியாத குற்றம். அதற்குப் பிறகு பேச்சு உங்கள் குழந்தையைப் பற்றி இருக்காது.

ஆஸ்பத்திரி 3 லட்சம் தருகிறோம், ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. மகளுக்குப் பத்து மாதம். எவ்வளவு கேட்பது நியாயம்?
– வாசகி, தஞ்சாவூர்

கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். உதாரணமாக பிசியோதெரபி ஒரு முறைக்கு 500 ரூபாய், மாதம் 20 முறை: ஆண்டுக்கு 1.2 லட்சம். வலிப்பு மருந்து, காலணி, சக்கர நாற்காலி (வளர வளர மாற்ற வேண்டும்), பயண ஆட்டோ தனி. 3 லட்சம் இரண்டு ஆண்டுக்குக் காணாது. அதோடு உங்கள் வேலையை விட்டதால் போன சம்பளம், மகளின் எதிர்காலச் சம்பாத்தியம், வலி, வேதனை. மேலே சொன்ன எழும்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எதிர்காலச் செலவு ஏறும் என்பதை ஏற்று ஆண்டுக்கு 1 சதவீதம் விலையேற்றம் சேர்த்தது. உண்மையான மருத்துவச் செலவு அதைவிட வேகமாக ஏறுகிறது என்று வாதாட இடமிருக்கிறது. விபத்து வழக்கில் வயதையும் வருமானத்தையும் வைத்துப் போடும் பெருக்கல் வாய்ப்பாட்டை மருத்துவ வழக்கில் அப்படியே போட வேண்டியதில்லை என்று 2013-லேயே தீர்ப்பு உண்டு.

1998-ல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் குழந்தை, பெற்றோர் இருவருமே நுகர்வோர், இருவருக்கும் தனித்தனி இழப்பீடு என்று முடிவானது. மனுவில் இரண்டையும் தனித்தனித் தலைப்பில் எழுதுங்கள். குழந்தையின் பங்கு வழக்கமாக தேசியமயமான வங்கியில் வைப்புத் தொகையாகப் போடப்பட்டு, வட்டி சிகிச்சைக்கு வரும்.

சமரசம் தவறில்லை, ஆணையமே சமரசப் பேச்சுக்கு அனுப்பும். ஆனால் சிவில் வழக்கில் மைனர் சார்பாகச் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி கட்டாயம். காரணம், உரிமை உங்கள் மகளுடையது. வெளியே ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் அதை எழுதிக்கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வழக்கு முடியும் வரை குழந்தையை எப்படிப் பார்ப்பது? மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் வழக்கு பலவீனமாகும் என்கிறார்களே?
– வாசகர், திருநெல்வேலி

யார் சொன்னது? அந்த அட்டை உங்களுக்குச் சாட்சி. ஊனத்தின் சதவீதத்தை அரசு மருத்துவர் குழுவே எழுதித் தருகிறது. முதலில் மாவட்ட இளஞ்சிறார் இடையீட்டு மையத்துக்குப் போங்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, கண், காது சோதனை எல்லாம் கட்டணமின்றி. மூளை வளர்ந்துகொண்டிருக்கும் முதல் இரண்டு மூன்று ஆண்டில் கொடுக்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம், அதை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. யுடிஐடி என்னும் அந்த மாற்றுத்திறனாளி அட்டை கிடைத்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கடும் பாதிப்புக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவிக்கு மனு கொடுங்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் வரை தரும், அதில் தெரபி செலவும் அடங்கும். சென்னைப் பக்கம் வர முடிந்தால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

அங்கெல்லாம் வாங்கும் ஒவ்வொரு சீட்டையும், ஆட்டோ ரசீது உட்பட, தேதிவாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள். செலவுக் கோரிக்கைக்கு அந்த ஃபைல்தான் அடிப்படை.